வீட்டுக் கணினியில் இணையதளங்களுக்கு இடம் தரும் தொழில்: தொடங்கும் முன் ஒரு பாடம்



கணினி படித்த பிள்ளைகள் பலரிடம் இப்போது ஓர் ஆசை இருக்கிறது. வீட்டின் ஒரு மூலையில் ஒரு சர்வரை வைத்து, ஊரில் உள்ள கடைகளுக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் நடத்தித் தந்து, மாதா மாதம் வாடகைபோல வருமானம் பெற வேண்டும் என்பது அந்த ஆசை. வெளிநாட்டுக்குப் போகாமல், பெற்றோரைப் பிரியாமல் செய்யக்கூடிய தொழில் என்பதால் வீட்டாருக்கும் இது பிடித்துப்போகிறது. வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்ய இயலாத பெண்பிள்ளைகளுக்கும் ஏற்ற தொழில்தான்.

ஆனால், நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ விலை உயர்ந்த சர்வர் வாங்குவதற்கு முன், இந்தத் தொழிலின் உள்விவரத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

சர்வர் என்பது என்ன?

சர்வர் என்றதும் பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டாம். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கணினிக்குப் பெயர்தான் சர்வர். நாம் கைப்பேசியில் ஒரு கடையின் முகவரியைத் தட்டினால், எங்கோ இருக்கும் ஒரு கணினி அந்தக் கடையின் பக்கத்தை எடுத்து அனுப்புகிறது. அந்தக் கணினி இரவு பகல் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகின் முதல் இணையதளத்தை நடத்தியதும் ஒரு மேசைக் கணினியில்தான். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, அதன்மேல் கையால் எழுதிய எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். 1991இல் உலகுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தத் தளத்திற்கும் இன்று நம் பிள்ளை வீட்டில் வைக்க நினைக்கும் கணினிக்கும் அடிப்படைத் தேவை ஒன்றுதான்: அணையாமல் இருக்க வேண்டும். தொழிலின் முதல் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கணக்கு: மின்சாரமும் நேரமும்

பழைய மேசைக் கணினி ஒன்று சராசரியாக 100 வாட் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 யூனிட். நம் மின்கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதத்திற்கு 144 யூனிட். வீட்டுச் செலவோடு இது சேரும்போது கட்டணம் மேல்படிக்குத் தாவிவிடும். கற்றுக்கொள்வதற்கு, 15 வாட் அளவில் ஓடும் சிறிய கணினியே போதும். அதற்கு இரண்டு மாதத்திற்கு 22 யூனிட்டுக்குள்தான் ஆகும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவது பற்றி மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வதும் நல்லது.

அடுத்தது நேரக் கணக்கு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், "எங்கள் சர்வர் 99.9 சதவீத நேரம் இயங்கும்" என்று வாக்குக் கொடுப்பார்கள். 30 நாள் மாதத்தில் மொத்தம் 43,200 நிமிடங்கள். 99.9 சதவீதம் என்றால் மாதத்தில் 43 நிமிடம் மட்டுமே அணைந்திருக்கலாம். 99 சதவீதம் என்றாலே 7 மணி 12 நிமிடம்தான்.

நம் ஊரில் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலை 5 மணிக்கு வந்தால், அந்த ஒரு நாளிலேயே 8 மணி நேரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சொல்லலாம். கணினி மட்டும் ஓடினால் போதாது; இணைய இணைப்புக்கான ரவுட்டரும், ஃபைபர் வந்து சேரும் சிறு பெட்டியும் அதே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். தெருவில் பள்ளம் தோண்டுபவர் கேபிளை அறுத்துவிட்டால் இன்வெர்ட்டரும் உதவாது. வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் இந்த நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே கொடுக்கும் வாக்கு வியாபாரம் ஆகாது.

இரண்டாவது கணக்கு: முகவரியும் வேகமும்

இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். பழைய முறையில் இருக்கக்கூடிய மொத்த முகவரிகளே ஏறத்தாழ 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டன. அதனால் இணைய நிறுவனங்கள் பல, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்து நடத்துகின்றன.

இதை அடுக்குமாடிக் குடியிருப்போடு ஒப்பிடலாம். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் தபால்காரருக்குக் கட்டடத்தின் எண் மட்டுமே தெரியும், வீட்டின் எண் தெரியாது. நாம் இணையத்தைப் பார்க்க இது தடையில்லை. பிறர் நம் சர்வரைத் தேடி வருவதற்குத்தான் தடை. தனி நிலையான முகவரி வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஐ.பி.வி.6 என்ற புதிய முறையில் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தளத்தைப் பார்க்க வருபவர்கள் எல்லோரிடமும் அந்த இணைப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையைப் பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கின்றன. பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. படித்துப் பார்த்து, தேவையென்றால் தொழில் இணைப்பாக மாற்றிக்கொள்வதே நேர்மை.

வேகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகம். சர்வருக்குத் தேவை ஏற்றும் வேகம். ஒரு பக்கத்தின் அளவு 2 மெகாபைட் என்றால் அது 16 மெகாபிட். ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒருவருக்கு அந்தப் பக்கம் ஒரு நொடிக்குள் போய்ச் சேரும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டால் 8 நொடி ஆகும். பெருநாள் விற்பனை நேரத்தில் துணிக்கடையின் பக்கம் 8 நொடி திறக்காமல் நின்றால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

மூன்றாவது: அடுத்தவரின் அமானிதம்

மேலே சொன்னவை எல்லாம் பணம் செலவழித்தால் ஓரளவு தீரும். இனிச் சொல்லப்போவது பொறுப்பைப் பற்றியது.

ஓர் உம்ரா பயண ஏற்பாட்டாளர் தம் இணையதளத்தை நம் சர்வரில் வைக்கிறார் என்று கொள்வோம். அதில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும். பயணம் போக விரும்புவோர் பெயர், கைப்பேசி எண், பாஸ்போர்ட் நகல், புகைப்படம் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவார்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் அதில் அடங்கும். இவை அனைத்தும் நம் வீட்டு மூலையில் உள்ள ஒரு வட்டில் உட்கார்ந்திருக்கும். கொடுத்தவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அது நம்மிடம் வந்து சேர்ந்த அமானிதம்தான்.

2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைச் சேகரிப்பவர் அவற்றுக்குத் தக்க பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்கிறது. வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு சேகரித்தவருடையதே. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதாவது, நம் அலட்சியத்திற்கு நம்மை நம்பிய பயண ஏற்பாட்டாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பராமரிக்காத இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்து, வங்கியின் பக்கம்போலப் போலிப் பக்கம் ஒன்றை வைத்துவிடுவது வழக்கமாக நடக்கும் குற்றம். அப்போது காவல்துறை தேடுவது அந்த ஐ.பி. முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பதை. வீட்டு இணைப்பு பெரும்பாலும் தகப்பனார் பெயரில்தான் இருக்கும். விசாரணைக் கடிதம் அவருக்கு வரும். மகனின் தொழில் தகப்பனாரின் பெயரில் ஓடுகிறது என்பதை இருவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது?

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், இணையதளங்களுக்கு இடம் தருவோரை இடைநிலையாளர் என்ற வகையில் சேர்க்கிறது. வாடிக்கையாளர் தம் தளத்தில் ஏற்றியதற்கெல்லாம் நாம் குற்றவாளி ஆகிவிட மாட்டோம். ஆனால் உரிய கவனத்துடன் நடந்திருக்க வேண்டும். நீதிமன்றமோ அரசோ நீக்கச் சொல்லி ஆணையிட்டால் குறித்த கெடுவுக்குள் நீக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பைத் தருவது அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு.

செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சர்வருக்குள் ஊடுருவல் போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். சர்வரின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். மெய்நிகர் சர்வர், கிளவுட் சேவை தருவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் காக்க வேண்டும். சிறிய தொழில்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பதிவு விஷயத்தில் சுமை அதிகமில்லை. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அரசின் தளத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. கணக்காளர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் செய்யவே கூடாதா?

செய்யலாம். வீட்டுச் சர்வரைப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளுங்கள். கடையை வேறிடத்தில் திறங்கள். இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

தையல் கற்பவர் முதலில் பழைய துணியில்தான் வெட்டிப் பழகுவார். அதுபோல, வீட்டில் இருக்கும் பழைய கணினியில் மூன்று மாதம் பழகுங்கள். செலவு அதிகமில்லை. படிகள் வருமாறு:

1. கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். டெபியன், உபுண்டு இரண்டுமே இலவசம். திரையும் விசைப்பலகையும் இல்லாமல், இன்னொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக அதை இயக்கப் பழகுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் திறவுகோல் கோப்பால் நுழையும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

2. அப்பாச்சி அல்லது எஞ்சினெக்ஸ் என்ற இணையச் சேவை மென்பொருளை நிறுவி, ஒரே ஒரு பக்கத்தை வையுங்கள். வீட்டு வைஃபையில் உள்ள கைப்பேசியில் அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

3. சொந்தமாக ஒரு பெயர் வாங்குங்கள். டாட் இன் பெயரோ வேறெதுவோ ஆகட்டும். அந்தப் பெயரை எண் முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று பழகுங்கள்.

4. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவையிடமிருந்து பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகப் பெறுங்கள். முகவரிக்கு முன் பூட்டுப் போட்டுத் தருவது இதுதான். இந்தச் சான்றிதழ் குறுகிய காலமே செல்லும் என்பதால், தானாகப் புதுப்பிக்கும்படி அமையுங்கள்.

5. ஒரே கணினியில் மூன்று தளங்களை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர், தனித் தரவுத்தளம். ஒரு தளத்தில் திருடன் புகுந்தாலும் மற்றொன்றுக்குப் போக முடியாதபடி சுவர் இருக்க வேண்டும். சர்வரும் வீட்டுக் கைப்பேசிகளும் கண்காணிப்புக் கேமராவும் ஒரே வலையில் இருக்க வேண்டாம். சர்வருக்குத் தனி வலை அமையுங்கள்.

6. படி எடுத்து வைக்கும் பழக்கம். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இரண்டு வட்டுகளை ஒன்றாக ஓட்டுவது படி ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

ஆறாவது படிக்கு ஒரு தேர்வு உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு தளத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு, படியிலிருந்து மீட்டு எடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத படியை நம்ப முடியாது. இன்னொரு தேர்வு: கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கி, மீண்டும் செருகுங்கள். யாரும் கை வைக்காமல் எல்லாத் தளங்களும் எழுந்து வருகின்றனவா? இந்த இரண்டிலும் தேறியவர் மட்டுமே பிறர் தளத்தைத் தொடலாம்.

கடை திறக்கும் இடம்

வாடிக்கையாளர் தளங்களைத் தரவு மையம் ஒன்றில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரில் வையுங்கள். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. இரட்டை மின்சாரம், ஜெனரேட்டர், குளிரூட்டல், பல இணைய இணைப்புகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டில் கற்ற அதே லினக்ஸ், அதே கட்டளைகள் அங்கும் செல்லும். வீட்டுக் கணினியைப் புதியவற்றைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப்போட்ட, அதாவது மறைகுறியாக்கம் செய்த படியை வைக்கவும் அது பயன்படும்.

மின்னஞ்சல் சேவையை மட்டும் தொடக்கத்தில் நீங்களே நடத்த வேண்டாம். வீட்டு முகவரிகளிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் குப்பையில் தள்ளிவிடும். அதை அதற்கென்று உள்ள சேவையிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது வரவு செலவைப் பார்ப்போம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். நீங்கள் விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் வாடகை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. படி வைக்கும் இடத்திற்கு ஆண்டுக்கு 3,000. பத்து வாடிக்கையாளரின் பெயர்ப் பதிவுக்கு ஆளுக்கு 1,000 வீதம் 10,000. ஆக மொத்தச் செலவு 25,000. ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 வாங்கினால் வரவு 30,000. மிச்சம் 5,000 ரூபாய். ஓராண்டு முழுவதும் விழித்திருந்ததற்கு 5,000 கூலி.

இடத்தை மட்டும் வாடகைக்கு விட்டால் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட முடியாது. அவர்கள் செய்ய முடியாத ஒன்றை நாம் செய்யலாம். கடைக்கே நேரில் போய், தமிழில் பேசி, புதுச் சரக்கின் படத்தையும் விலையையும் ஏற்றித் தந்து, தளம் பழுதானால் அன்றே பார்த்துத் தரலாம். இந்தப் பராமரிப்புக்கு ஒரு கடைக்கு மாதம் 500 ரூபாய் என்றால், பத்துக் கடைக்கு ஆண்டுக்கு 60,000. வருமானம் இருப்பது உழைப்பிலும் நம்பிக்கையிலும்தான், இயந்திரத்தில் அல்ல. ஆகவே முதலில் வாங்க வேண்டியது சர்வர் அல்ல. இந்தக் கணக்கில் வட்டிக் கடனுக்குத் தேவையே எழவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. உறவினர் கடையானாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

• இணையப் பெயர் வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவாக வேண்டும். நம் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டால், நாளை மனக்கசப்பு வரும்போது அவருடைய கடைப்பலகை நம் கையில் சிக்கியிருக்கும். அது பிடித்து வைத்துக்கொள்ளத் தக்க பொருள் அல்ல.

• எத்தனை மணிக்குள் பழுது பார்ப்போம், எது நம் பொறுப்பில் இல்லை என்பவை தெளிவாக இருக்கட்டும்.

• அவர் விலகிப்போக விரும்பினால் எல்லாக் கோப்புகளையும் எத்தனை நாளில் ஒப்படைப்போம், நம்மிடம் உள்ள நகலை எப்போது அழிப்போம் என்பதையும் எழுதுங்கள்.

• சூதாட்டம், திருட்டுத் திரைப்படம், ஏமாற்றுக் கடன் செயலி போன்றவற்றுக்கு இடம் தருவதில்லை என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாடகை எவ்வளவு கூடக் கொடுத்தாலும் அந்த வாசலைத் திறக்க வேண்டாம்.

• நமக்கு நோயோ பயணமோ நேர்ந்தால் யார் பார்ப்பார்கள்? தனி ஆளாகத் தொடங்காமல் இருவர் சேர்ந்து தொடங்குவது நல்லது. கடவுச்சொற்களை உறையிலிட்டு வீட்டில் ஒருவரிடம் பத்திரமாகக் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் கலந்து பேச ஏழு கேள்விகள்

1. இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? ஒப்பந்தம் சர்வருக்கு இடம் தருகிறதா?
2. ஏற்றும் வேகம் எவ்வளவு? அளந்து பார்த்தாயிற்றா?
3. மூன்று மாதம் பழைய கணினியில் பழகியாயிற்றா?
4. அழித்த தளத்தை மீட்டுக் காட்ட முடியுமா? எத்தனை நிமிடத்தில்?
5. முதல் மூன்று வாடிக்கையாளர்கள் யார்? அவர்களிடம் நேரில் பேசியாயிற்றா?
6. ஆண்டுச் செலவு, வரவு, மிச்சம் மூன்றும் தாளில் எழுதப்பட்டிருக்கின்றனவா?
7. அடுத்தவர் வீட்டுப் பாஸ்போர்ட் நகல் நம்மிடம் இருந்தால், இரவில் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு அதைப் பூட்டி வைத்திருக்கிறோமா?

ஏழுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் துஆச் செய்து அனுமதி கொடுங்கள். சிலவற்றுக்குப் பதில் இல்லையென்றால் தடுக்க வேண்டாம். பழைய கணினியையும் மூன்று மாத அவகாசத்தையும் கொடுங்கள். தொழில் அமையாவிட்டாலும் அந்த மூன்று மாதத்தில் கற்ற லினக்ஸும் வலையமைப்பும் பாதுகாப்புப் பழக்கமும் நல்ல வேலை ஒன்றுக்கு உதவும். இன்ஷா அல்லாஹ், அதில் நஷ்டம் இல்லை.